காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அக்கா என் பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தாள். நான் முன் கதவைத் திறக்கப் போனேன்.

"பின்னாடி உக்காந்துக்கடா," என்றாள்.

முன் சீட்டில் பை ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சரி, கிறுக்கி, என்று பின்னால் ஏறினேன். அக்கா தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு இடது பக்கம் சாய்ந்து, யாருமே இல்லாத அந்தச் சீட்டின் பெல்ட்டையும் இழுத்து டக்கென்று மாட்டினாள். வண்டியைக் கிளப்பினாள்.

எனக்கு மலேசியாவில், ஈப்போவில், ஒரு துணி துவைக்கும் கடை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அந்த ஊர்தான். நாங்கள் பிறந்தது சேலம். செஞ்சி என் அக்கா அமுதா வாழ்க்கைப்பட்ட ஊர். அவள் கல்யாணத்துக்கு ஒருமுறை, பிறகு ஒருமுறை வந்ததோடு சரி. மூன்றாவது முறை வந்திருக்க வேண்டியது போன ஆடியில், அவள் புருஷன் கதிர்வேல் மாமா இறந்த அன்று. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே அது கைக்கு வந்துவிட்டது. கடையைக் காரணம் காட்டி அதற்கும் வரவில்லை. இப்போது முதல் வருடத் திதிக்கு ஐந்து நாள் முன்னதாக வந்து இறங்கியிருக்கிறேன். இந்த நல்லெண்ணம் ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாம்.

சிங்கவரம் போகும் சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஈப்போவிலும் மலைகள் உண்டு. சுண்ணாம்பு மலைகள், மேலெல்லாம் பச்சை. இங்கே மலை என்றால் பாறையின் மேல் பாறை, அதன் மேல் இன்னொரு பாறை. எதற்காக நிற்கின்றன, எப்போது உருளும் என்று தெரியாது. மேலே கோட்டைச் சுவர் மட்டும் நெளிந்து போகிறது. உள்ளே யாருமில்லாத ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய சுவர் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

சாலையில் நாய்கூட இல்லை. அக்கா திடீரென்று பிரேக்கை மிதித்தாள்.

ஸ்டியரிங் அவள் கைக்குள் கிடுகிடுவென்று நடுங்கியது. டேஷ்போர்டு மேலிருந்த பிள்ளையார் தலையாட்டினார். காலி சீட்டின் பெல்ட்டுகூட லேசாகத் துடித்தது. அக்கா இடது பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஆடுதே அக்கா."

"ஆடட்டும்," என்றாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி மிதித்தாள்.

வீட்டு வாசலில் ஒரு பக்கெட்டில் மஞ்சள் தண்ணீர் தயாராக இருந்தது. இறங்கியதும் அதை எடுத்து முன் சக்கரங்கள் இரண்டிலும் ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. "இன்னாத்துக்குன்னு பாக்கறியா? மாமாவ இந்த வண்டியிலதான் கொண்டாந்தோம். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா நாம கால் கழுவறோம்ல? வண்டிக்கு மட்டும் காலு இல்லியா? பக்கத்து வூட்டு அம்மாதான் சொல்லிச்சு."

சேலத்துக்காரி 'இன்னா' என்கிறாளே என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். ஒரு வருடம் கழித்தும் ஏன் கழுவ வேண்டும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பசி அப்படி. கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு தின்றேன். ஈப்போவில் இதைச் சமைத்தால் வாடை தாங்காமல் மாடி வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் தட்டுவார்.

சாப்பிடும்போது மாமாவைப் பற்றிப் பேசினாள். செஞ்சி கடைத் தெருவில் விதைக் கடை வைத்திருந்தவர். இப்போது அதை அக்காதான் பார்க்கிறாள். கடைசி இரண்டு வருடம் கை நடுக்கம். வண்டி ஓட்ட முடியவில்லை. அதனால் ஐம்பத்து நாலு வயதில் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். இடது சீட்டில் உட்கார்ந்து ஒரு கையை ஸ்டியரிங் ஓரத்தில் வைத்துக்கொள்வாராம். அவர் நடுக்கம் முழுவதும் ஸ்டியரிங்கில் இறங்கும்.

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணா போதும், ஹேண்ட் பிரேக்க இழுத்துடுவாரு. எத்தினி வாட்டி இழுத்திருப்பாரு தெரியுமா? ஒரு கோழிகூட நான் ஏத்தினதில்ல, அவரு கைதான் காப்பாத்திச்சு."

இரண்டாம் நாள் காலையில் மல்லாட்டைச் சட்னியோடு தோசை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் மல்லாட்டைதான் பெயர். மூன்றாவது தோசையின்போது வண்டியை நானே சரிசெய்து தருகிறேன் என்று அறிவித்தேன். துவைக்கும் மெஷின்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். மெஷின் ஆடினால் ஒன்று தரை சமமில்லை, அல்லது உள்ளே துணி ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறது. காரும் அப்படித்தான், சக்கரத்தில் எடை சமமில்லை என்று தீர்மானித்துவிட்டேன். அக்கா சாவியைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் காருக்குள் குனிந்து காலி சீட்டின் பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

அவள் தலை மறைந்ததும் நான் அதைக் கழற்றினேன். பகலில், முழு வெளிச்சத்தில், எனக்கென்ன பயம்? குளக்கரை திரும்பும்போது மாடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். அந்த நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது. மெஷின் ஆட்டத்தை எனக்குத் தெரியும்; அது முரட்டுத்தனமாக இருக்கும். இது வேறு. வயதான ஒருவர் கையை நம் கை மேல் வைத்தது போல் மெல்லத் தொடங்கி, வண்டி நிற்க நிற்கக் குறைந்து, விட்டுப் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாடுகள் போனதும் பெல்ட்டை மறுபடி மாட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

டயர் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "சார், ஓடறப்போ ஆடுதா, பிரேக் புடிச்சா ஆடுதா?"

"பிரேக் பிடிச்சாதான்."

"அப்போ எங்கிட்ட வேல இல்லியே."

நான் விடவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுற்றவிட்டு, ஈயத் துண்டு ஒட்டி, சமன் செய்து மாட்டினார். திரும்பும் வழியில் அதே குளக்கரையில் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன். அதே கை. மேதாவித்தனத்துக்குச் சரியான கூலி.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடையை மூடிய அக்கா வண்டியோடு நேரே வீட்டுக்கு வரவில்லை. ஆறரைக்கு வந்தாள். எங்கே போனாய் என்றேன். சும்மா என்றாள். பக்கெட்டை எடுத்தாள். முந்தின நாளைவிட ஆவி அதிகமாக எழுந்தது.

மூன்றாம் நாள் விழுப்புரம் சாலையில் ஷெட் வைத்திருக்கும் ஏழுமலையிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நாற்பது வயதுக்காரர். மாமா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். காரைப் பார்த்ததும் முகம் மாறியது. ஏறுவதற்கு முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் ஓட்டி, வேகமாகப் போய்ப் பிரேக் பிடித்தார். "கவனிச்சீங்களா? ஆட்டம் ஸ்டியரிங்லதான் வருது. நம்ம சீட்டு ஆடினா பின் சக்கரம். கை ஆடினா முன் சக்கரம். கால வச்சிப் பாருங்க, பிரேக்கும் காலத் தள்ளித் தள்ளி விடும். டிஸ்க்கு கோணியிருக்குது சார்."

ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால் தட்டு மாதிரி இருக்கும் இரும்புதான் டிஸ்க். பிரேக் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் கட்டைகள் அதைக் கவ்வும். அதன் மேல் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. ஒரு சின்ன முள் வைத்த கருவியை அதன் மேல் ஒட்டவைத்துக் கையால் சுற்றினார். தட்டு நேராக இருந்தால் முள் அசையக் கூடாதாம். முள் போய்ப் போய் வந்தது. ஏழுமலை கையை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் துடித்தது.

"பொங்கல் முடிஞ்சிதான் ரெண்டு பக்கமும் புது டிஸ்க்கு போட்டேன். அதுவும் இதே மாதிரி கோணினதாலதான். ஆறு மாசத்துல திரும்பவுமா?" டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். விரலால் எதையோ வழித்து எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். மஞ்சள்.

"தண்ணி ஊத்துதா அக்கா?"

"தினமும். வந்தவுடனே."

ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தீயாக் காஞ்ச தோசக்கல்லுல தண்ணி ஊத்தினா இன்னா ஆவும் சார்? வளையும். அதான் இது."

"ஏன் அவ்வளவு சூடாகுது? கடைக்கும் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர்தானே?"

"ஒங்களுக்குத் தெரியாதா? அக்கா தெனம் சாயங்காலம் மண்டகப்பட்டு வரைக்கும் போவுது. இந்த வழியாத்தான். நான் இங்கேயிருந்து பாப்பேன். கண்ணுக்கு மறையற வரைக்கும் பின்னாடி செவப்பு லைட்டு அணையாது. பிரேக்க மிதிச்சிக்கினே போவுது." குரலைத் தாழ்த்தினார். "நானே பல வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன் சார். டிஸ்க்கு கோணினா எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும். ஆனா கதிர் அண்ணன் கை நடுக்கமும் எனக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டு மறுபடி டார்ச் அடித்தார். டிஸ்க்கின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசலைக் காட்டினார். இன்னும் கொஞ்ச நாளில் உடையும். உடையும்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. புது டிஸ்க் மறுநாளுக்கு மறுநாள்தான் வரும். வீடு வரை மெல்ல உருட்டிப் போய் நிறுத்திவிட வேண்டும், அதுவரை மறுபடி ஓட்டவே கூடாது என்றார். ஆனால் தண்ணீர் விஷயத்தை அக்காவிடம் அவர் சொல்ல மாட்டாராம். "நீங்க பேசிட்டு ஏரோபிளேன் ஏறிடுவீங்க. நான் தெனம் கடைத் தெருவுல அக்கா மூஞ்சியில முழிக்கணும்."

சாயங்காலம் நானே சொன்னேன். தோசைக்கல்லையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"தண்ணியாலதான் ஆடுதுன்னு. மொத வாட்டி ஏழுமல புதுசு மாத்தினான்ல, அன்னிக்கு மண்டகப்பட்டு முக்குல பிரேக் போட்டேன். ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி நின்னுச்சு வண்டி. பக்கத்துல பாத்தா சீட்டு காலியா இருந்துச்சு. அது வரைக்கும் அது காலின்னே எனக்குத் தோணினதில்ல." ஒரு தண்டை ஒடித்தாள். "அழுதுக்கினே வூட்டுக்கு வந்தேன். எப்பவும் போல தண்ணி ஊத்தினேன். பத்து பதினஞ்சு நாளுல லேசா ஆட ஆரம்பிச்சுது. அப்போதான் புரிஞ்சுது. ஊத்த ஊத்த வந்தாரு. சூடா இருந்தா சீக்கிரம் வராரு."

பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். டிஸ்க் உடைந்தால் செத்துப்போவாய் என்றேன்.

"அந்த முக்குலதான் அவரு போனாரு," என்றாள். "விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். அவரு கை ஸ்டியரிங் மேல இருக்குது. மண்டகப்பட்டு முக்குல மாடு குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டேன். கை நடுங்கி நடுங்கி அப்படியே நழுவிச்சு. நீ வந்தியாடா அன்னிக்கு? நீ இன்னாத்த கண்ட?"

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான்காம் நாள் சாவியை என் பெட்டிக்குள் ஒளித்து வைத்துப் பூட்டினேன். மதியம் நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். ஐந்து மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டு விழித்தேன். இன்னொரு சாவி இருந்திருக்கிறது. ஆணியில் ஒரு வருடமாகத் தொங்கும் மாமாவின் சட்டைப் பையில். ஓடினேன். காலி சீட்டின் பெல்ட் மாட்டியாகிவிட்டது. நகரும் வண்டியின் பின் கதவைத் திறந்து உள்ளே விழுந்தேன். செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது.

"எறங்குடா."

"மாட்டேன்."

செஞ்சியைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனோம். ஏழுமலை ஷெட் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார், நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். இரண்டு பக்கமும் நெல், மல்லாட்டை, பனை, நடுவே திடீர் திடீரென்று பாறைகள். அக்கா ஒரு காலால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டினாள். ஸ்டியரிங் விடாமல் நடுங்கியது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் இல்லை. "இன்னிக்கு கத்திரி வெத ரெண்டு பாக்கெட்டுதான் போச்சு... உங்க மச்சான் வந்திருக்கான் பாருங்க, பின்னாடி... மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு." அவள் பேசுவதும், நிறுத்துவதும், யாரோ பதில் சொல்லக் கேட்பது போல் தலையாட்டுவதுமாக இருந்தாள். கருகிய வாசனை வந்தது. நான் காலி சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. மேற்கு வெயில் பட்டிருக்கும்.

மண்டகப்பட்டு முக்கு வந்தது. பல்லவ ராஜா பாறையைக் குடைந்து கட்டிய கோயிலுக்குத் திரும்பும் வழி அது. செங்கல், மரம், இரும்பு எதுவும் இல்லாமல் செய்தது என்பார்கள். வளைவின் மறைவிலிருந்து ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு சாலையைக் கடக்க வந்தாள்.

அக்கா மிதித்தாள். நடுக்கம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. வழி நெடுகச் சூடாகிச் சூடாகிப் பிரேக் செத்துப்போயிருந்தது. கால் அடி வரை இறங்கியது. "ஐயோ" என்றாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி பக்கவாட்டில் சறுக்கி நின்றது. புல்லுக்கட்டு எங்கள் பானெட்டின் மேல் விழுந்தது. அந்தப் பெண் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்கின் மேலிருந்த கையைப் பார்த்தாள். இடது பக்கத்திலிருந்து வந்து பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என் கடிகாரம். அதிலிருந்து முழங்கை வழியாக, தோள் வழியாக, மெல்ல என் முகத்துக்கு வந்தாள்.

வெளியே அந்தப் பெண் பானெட்டைக் குத்தினாள். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? ரெண்டு புள்ளைங்க வூட்ல காத்துனு இருக்குதுங்க!"

அக்கா இறங்கிப் போய் அவள் காலைத் தொடப் போனாள். அவள் பதறி விலகிக்கொண்டாள். இரண்டு பேருமாகப் புல்லை அள்ளிக் கட்டினார்கள். கட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்த அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு இருந்திருந்தா இழுத்திருப்பாருடா," என்றாள். "ஒரு கோழிக்கே இழுப்பாரு."

ஏழுமலைக்கு போன் செய்தேன். அவர் எங்களுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் கிளம்பி வந்துகொண்டிருந்தாராம்.

ஐந்தாம் நாள் டிஸ்க் வந்தது. அக்கா ஷெட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பழையதைக் கழற்றினார். மாட்டும் இடத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தார். அங்கே துரு இருந்தாலும் புதுத் தட்டு நேராக உட்காராதாம். புது டிஸ்க், புதுப் பிரேக் கட்டைகள், பிரேக் ஆயில். நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒரே அளவில் முடுக்கினார். முள் வைத்த கருவியை ஒட்டிச் சுற்றினார். முள் அசையவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே தண்ணி..." என்று ஏழுமலை இழுத்தார்.

"ஊத்த மாட்டேன் ஏழுமல."

கழற்றிப் போட்ட பழைய டிஸ்க்குகளை வேண்டுமா என்று கேட்கவா வேண்டாமா என்று அவர் தயங்குவது தெரிந்தது. அக்காவே காலால் அவற்றை இரும்புக் குப்பைப் பக்கம் தள்ளினாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்தேன். அக்கா இடது பக்கம் சாய்ந்து அந்த பெல்ட்டைக் கழற்றினாள். அது சரசரவென்று உள்ளே போய்ச் சுருண்டது.

"முன்னாடி வாடா."

உட்கார்ந்தேன். சீட்டில் ஒரு பள்ளம் இருந்தது. என்னைவிடப் பருமனான ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். அதற்குள் நான் பொருந்தவில்லை. மண்டகப்பட்டு முக்கில் அக்கா வேகத்தைக் கூட்டிப் பிரேக் பிடித்தாள். வண்டி கல் போல நின்றது. ஸ்டியரிங் அசையவில்லை. அவள் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பனை ஓலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"போயிட்டாரு," என்றாள். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது பக்கெட் வாசலில் இருந்தது. காலையிலேயே கலந்து வைத்திருக்கிறாள். அதைத் தூக்கினாள். நான் தடுக்கப் போனேன். அவள் சக்கரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கி, தன் கால்களில் ஊற்றிக்கொண்டாள். நிதானமாக, ஒன்றை ஒன்றால் தேய்த்து, குதிகால் வரை கழுவினாள். பாதித் தண்ணீரை மீதி வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் கழுவிக்கினு உள்ள வா," என்றாள். "சாவுக்குப் போயிட்டு வந்திருக்கோம்."